கிளையில்லாத மரங்களும் பத்து நிமிட மேடையும்

போன மாதம் நடந்த மாநாட்டில் நீங்கள் மூன்று பேரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். நானும் அங்கேதான் இருந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு இலவசமாக ஒரு நாற்காலி கொடுப்பார்கள். திரையில் உங்கள் குழியின் படம் வந்தது. நீங்கள் பனியில் தோண்டிய குழி, நீங்கள் எடுத்த அளவு. மேடையில் நின்றவர், "எங்கள் பையன்கள் சேகரித்தது" என்றார். நீங்கள் கை தட்டினீர்கள்.

காபி நேரத்தில் உங்களைப் பிடித்துக் கேட்டேன். மூத்தவன் சொன்னான்:

"ஐயா, எங்களுக்கு உந்த மேடைக் கதையெல்லாம் சரிவராது. நாங்கள் குழி வெட்டுறம், அளக்கிறம், எழுதிக் குடுக்கிறம். அவை படிச்ச ஆக்கள். அவையே கதைக்கட்டும்."

"அவர் சொன்னதில ஒரு அளவு தப்பு. கவனிச்சியா?"

"ஓம். கவனிச்சனான்."

"அப்புறம் ஏன் எந்திரிக்கல?"

"பேந்து தனியச் சொல்லுவம் எண்டு நினைச்சனாங்கள்."

சொன்னீர்களா? சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பிறகு பார்க்கலாம் என்கிற இதே "பேந்து"வை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்.

அன்று மெட்ரோவில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டி இரண்டு நிலையம் போய்விட்டேன். அவ்வளவு கோபம். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இருந்தாலும் எழுதுகிறேன். குழி தோண்ட உங்களுக்கு யாரும் கற்றுத் தருவார்கள். இதைக் கற்றுத் தர ஒருவரும் வர மாட்டார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். கப்பலில் வேலை பார்த்து, அறுபதுகளின் கடைசியில் மொன்றியல் துறைமுகத்தில் இறங்கினேன். பிறகு ஜான்-டலோன் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை தூக்கினேன். ஒருநாள் மூட்டை காலில் விழுந்தது. வாயில் ஒரு வார்த்தை வந்தது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"தமிழா? இந்த வார்த்தையக் கேட்டு ரொம்ப வருஷமாச்சுப்பா" என்றார்.

அவர் சென்னைக்காரர், இன்ஜினியர். மொன்றியலில் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் வீடு. பெயர் சொல்ல மாட்டேன். நான் கூப்பிட்டதுபோல சார் என்றே எழுதுகிறேன். ஒரு கம்பெனியில் பனிச்சரிவுப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். குளிர்காலத்தில் மலைக்குப் போக உடம்பில் தெம்புள்ள ஆள் வேண்டும் என்றார். போனேன். அவர் இல்லாவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை. அந்த நன்றியை இன்றுவரை மறக்கவில்லை, கோபத்தையும் மறக்கவில்லை. இரண்டும் ஒரே ஆள் மேல்தான்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். என் மனைவி படித்தாலும் புரியட்டும் என்று இரண்டு வரி. மலையில் பனி அடுக்கடுக்காகப் படிகிறது. நடுவில் ஒரு அடுக்கு சர்க்கரை மாதிரி உதிரியாக இருந்தால் அதற்கு மேலே இருப்பது எல்லாம் ஒருநாள் மொத்தமாகக் கீழே இறங்கும். அது எங்கே இறங்கும், எதுவரை வரும் என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை. பார்ப்பது நாம். சொல்வது வேறு யாரோ. என் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

என் இரண்டாவது குளிர்காலம் முடிந்து மொன்றியலில் ஒரு மாநாடு. சார் என்னிடம் ஒரு தாள் கொடுத்தார்.

"களத்துல நிக்கிறவனே பேசினா எடுபடும்பா. நீ படி. அஞ்சு நிமிஷம்தான்."

ஆங்கில வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு படித்துப் பழகினேன். அதில் ஒரு வரி, நாங்கள் வேலை செய்த சரிவில் பனி இறங்காமல் நாள் முழுக்கத் தாங்கியது என்று. அது பொய். காலை பத்து மணிக்கே காலடியில் டும் என்று ஒரு சத்தம் கேட்டது. பனி உள்ளுக்குள் உட்காரும் சத்தம் அது. நாங்கள் சாமானைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டோம். பிறகு அது தாங்கியதா என்று பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

"சார், அந்தச் சத்தத்தப் பத்தி நான் எழுதிக் குடுத்தேனே."

"சத்தத்த எப்படிப்பா அளக்கறது? அளக்க முடியாதத எழுதினா சிரிப்பான்."

படித்தேன். கை தட்டினார்கள். வேறொரு முகாமில் வேலை செய்கிற ஒருவன் வந்து கை குலுக்கினான். "அப்படியென்றால் அந்த மாதிரிச் சரிவில் சாயங்காலம் வரை வேலை செய்யலாம், இல்லையா?" என்று கேட்டான். நான் தலையாட்டினேன். சிரிக்கவும் செய்தேன்.

அடுத்த பிப்ரவரியில் அந்த மாதிரி ஒரு சரிவில் பனி இறங்கி அவனை மூடியது. தோண்டி எடுத்தார்கள். உயிர் இருந்தது. வலது கையில் நான்கு விரல் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைப் போர்வைக்கு மேல் வைத்துக்கொண்டு சொன்னான்: "நீதானே சொன்னாய்."

கோபமாகச் சொல்லவில்லை. நினைவு வந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான்.

அந்த வரியைச் சார் எழுதினார் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் கேட்டது என் வாயிலிருந்து. பிறர் எழுதியதை இனி என் வாயால் படிக்க மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நல்ல முடிவுதான். ஆனால் அதன் பிறகு சில வருடம் நான் மேடைப் பக்கமே போகவில்லை. அது நல்ல முடிவில்லை. வாயை மூடிக்கொண்டால் தப்பு நடக்காது என்று நினைத்தேன். நான் பார்க்காமல் நடந்தது, அவ்வளவுதான்.

இனி ரெஜான்.

ரெஜான், மொன்றியலுக்குக் கிழக்கே உள்ள காஸ்பே மலைக்காரன். முன்பு மரம் வெட்டினவன். கதவு அளவுக்கு ஆள். பேச்சு மட்டும் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. பிரெஞ்சு தவிர ஒன்றும் தெரியாது. என்னைச் 'சமி' என்பான். மாடசாமி என்கிற என் பெயரில் அவன் வாய்க்கு அகப்பட்டது அவ்வளவுதான். எழுபதுகளில் ஐந்து குளிர்காலம் ஒரே குழியில் நின்றோம்.

எங்கள் வேலை முறை இப்படி. அவன் குழிச் சுவரைப் பார்த்து ஒவ்வொரு அடுக்காகப் பிரெஞ்சில் சொல்வான். நான் அவனுக்கு முதுகு காட்டி, காற்றுக்கு நோட்டை மறைத்துக்கொண்டு நிற்பேன். அவன் சொன்னதை ஆங்கிலத்தில் உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதுவேன், ஏனென்றால் அலுவலகப் படிவம் ஆங்கிலம். அவனுக்கு ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் தெரியும். எண் தப்பினால் முதுகில் ஒரு குத்து விழும். சரியாக இருந்தால் அடுத்த அடுக்கு. துறைமுகத்தில் கற்ற என் பிரெஞ்சும், கப்பலில் கற்று, அதற்குள் எழுதவும் பழகியிருந்த ஆங்கிலமும் இதற்குப் போதுமாக இருந்தன.

நாங்கள் வேலை செய்த அந்தக் காஸ்பே மலையில் ஒரு சுரங்கம் புதிதாகத் திறந்தார்கள். அறுபது பேர் தங்க ஒரு விடுதி கட்ட வேண்டும். சரிவுக்குக் கீழே சமதளமாக ஒரு இடம், சுரங்க வாசலுக்குப் பக்கம். எல்லாருக்கும் பிடித்த இடம். ரெஜானுக்கு மட்டும் பிடிக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

"சமி, இந்த மரங்களைப் பார்."

நடுவில் எல்லாம் மெல்லிய மரங்கள். எல்லாம் ஒரே வயது. எல்லாம் கீழ்ப்பக்கம் வளைந்திருந்தன. ஓரத்தில் கிழட்டு மரங்கள் நின்றன. அவற்றில் மலையைப் பார்த்த பக்கம் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கிளை இல்லை. மறுபக்கம் கிளை அடர்ந்திருந்தது.

"யாராவது வெட்டினாங்களா?" என்றேன்.

"நான் வெட்டுகிறவன். வெட்டினால் எனக்குத் தெரியாதா? இது முறிந்தது."

புரிந்தது. பனி ஒரு காலத்தில் இதுவரை வந்திருக்கிறது. நின்ற மரங்களைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. இந்த மெல்லிய மரங்கள் அதற்குப் பின்னால் முளைத்தவை. அறுபது பேர் தூங்கப்போவது அந்தப் பாதையில்.

அதை எழுதினேன். படிவத்தில் மரத்துக்கு இடமில்லை. ஓரத்தில் எழுதினேன். தட்டச்சு செய்கிற பெண் கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் தட்டச்சு செய்தாள். அவளுக்கு அப்படித்தான் உத்தரவு. மறுபடி எழுதினேன். மறுபடி விட்டுப்போயிற்று. நேராகச் சாரிடம் போனேன்.

"மூணு குளிர்காலம் ரெக்கார்டு இருக்குப்பா. அந்த இடத்துக்கு ஒண்ணும் வந்து சேரல."

"மரத்துல கிளை இல்லியே சார்."

"கிளை இல்லேன்னா அது மரத்தோட பிரச்சினை. நமக்கென்ன?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர் நாற்காலியைக்கூடக் காட்டவில்லை.

அந்த இலையுதிர் காலத்தில் மாநாடு. நகர நடுவில் பெரிய ஓட்டல். சுரங்கக்காரர்கள் வருகிறார்கள். சார் சரிவுகளின் வரைபடத்தை வைத்துப் பேசுவார். அதைச் சபை ஏற்றால் அடுத்த வாரமே கட்டட வேலை. தரை உறைவதற்குள் எழுப்ப வேண்டும், மரம் பலகை எல்லாம் போய் இறங்கிவிட்டது. அதே நாளில், சாப்பாட்டுக்கு முன்னால், களப்பணியாளர்களுக்கு என்று ஒரு பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். ரெஜான் பேசட்டும் என்று சார் சொன்னார். தலைப்பு அவரே கொடுத்தார்: பனி எடை போடும் தராசு உறையாமல் வைத்துக்கொள்வது எப்படி.

நான் ரெஜானிடம் சொன்னேன். "தராசு வேண்டாம். மரத்தைச் சொல்."

"அங்கே என் அக்காள் மகனும் தூங்குவான்" என்றான். அவ்வளவுதான். ஒத்துக்கொண்டான் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போது நான் செய்த தப்பைக் கேளுங்கள். நான்கு விரல் போனவனைப் பார்த்துவிட்டு வந்தவன், அதே தப்பைத் திருப்பிச் செய்தேன். ஆங்கிலத்தில் பத்து வரி எழுதி, மனப்பாடம் செய் என்று ரெஜானிடம் கொடுத்தேன். சபை ஆங்கிலத்தில்தான் கேட்கும் என்று எனக்கு நினைப்பு. குளிர்காலம் தொடங்கும்வரை அவனுக்கும் மொன்றியலில்தான் வேலை, ஞாயிறு காலைகளில் என் வீட்டுச் சமையலறையில் அவனை நிறுத்தி வைத்துச் சொல்லச் சொல்வேன். முதல் வரி வரும், இரண்டாவதில் நிற்பான். வேர்க்கும். என் மனைவி பேச்சி தோசை சுட்டுக்கொண்டே பார்ப்பாள்.

"ஏங்க, அந்த மனுசன் மூஞ்சியப் பாருங்க. மேடைக்குப் போறவரு மாதிரியா இருக்கு? பல்லு புடுங்கப் போறவரு மாதிரில்லா இருக்கு."

"சும்மா இரு."

"நீங்க சும்மா இருங்க. அவரு பாஷைய அவருகிட்டருந்து புடுங்கிட்டுப் பேசுன்னா என்னத்தப் பேசுவாரு? ஒங்களக் கொண்டுபோயி சீன பாஷையில பேசச் சொன்னா பேசுவீகளா?"

நான்காவது ஞாயிறு எனக்குப் பொறுமை போயிற்று. எழுதின தாளைக் கிழித்தேன். பழக்கத்தில் நோட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவனுக்கு முதுகு காட்டி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். கோபத்தில் நின்றேன், யோசனையாக ஒன்றும் செய்யவில்லை.

பின்னால் அவன் குரல் வந்தது. பிரெஞ்சில். "ஓரத்து மரம், முதலாவது. மலைப் பக்கம் கிளை இல்லை."

நான் ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன்.

"இரண்டாவது மரம். அதே உயரம்."

திருப்பிச் சொன்னேன். நிற்காமல் எட்டு நிமிடம் பேசினான். ஐந்து குளிர்காலத்தில் நான் கேட்காத அளவு பேச்சு. நடுவில் உயரத்தை நான் தப்பாகச் சொல்ல, முதுகில் குத்து விழுந்தது. பேச்சி கரண்டியோடு திரும்பினாள்.

"அடியும் குடுப்பாரா? இத மேடையில செஞ்சா டிக்கெட் போடலாம்."

மாநாட்டு நாள் காலை, ஓட்டல் தாழ்வாரத்தில் சாரைத் தேடிப் போனேன். ரெஜான் வேண்டாம் என்றான். நான் போனேன். ஒருவரை மறுத்துப் பேசப் போகிறாய் என்றால் முதலில் அவரிடம் சொல். முதுகில் குத்தாதே. இதை மட்டும் எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. நானே கண்டுகொண்டது.

"சார், ரெஜான் தராசு பத்திப் பேசல. மரத்தப் பத்திப் பேசப் போறான்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "என்னை அவமானப்படுத்தவா?"

"இல்ல சார். அதுக்குத்தான் முன்னாடியே சொல்றேன். நீங்களே சொல்லிட்டீங்கன்னா அவன் தராசு பத்திப் பேசிட்டு இறங்கிருவான்."

"சந்தையில மூட்டை தூக்கிட்டிருந்தே. மறந்துட்டியா?"

"மறக்கல சார்."

"அப்ப போய் உக்காரு."

போய் உட்கார்ந்தேன். சார் பேசினார். நன்றாகத்தான் பேசினார். வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பச்சை பூசியிருந்தது. பச்சை என்றால் பாதுகாப்பு. மரத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லை.

ரெஜான் பெயர் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் மேடையேறினோம். நான் நோட்டோடு திரும்பி நின்றேன். சபைத் தலைவர் மேசையைத் தட்டினார்.

"பேச்சாளர் ஒருவர்தான். ஆங்கிலத்தில். நீங்கள் கீழே போங்கள்."

"இவருக்குப் பிரெஞ்சுதான் தெரியும்" என்றேன்.

"அப்படியென்றால் பேச்சை எழுத்தில் கொடுக்கட்டும். நேரமாகிறது."

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. அவன் பிறந்த மண். அந்த ஓட்டலில் தட்டு கழுவுகிறவன், கதவு திறக்கிறவன், எல்லாரும் அவன் மொழி பேசுகிறவர்கள். மேடையில் மட்டும் அந்த மொழிக்கு இடமில்லை. நான் கடல் தாண்டி வந்தவன், எனக்கு அது பழகின சங்கதி. அவன் எங்கேயும் தாண்டி வரவில்லை.

அந்த நேரத்தில் சண்டை போட்டிருந்தால் காவலாளியைக் கூப்பிட்டு இரண்டு பேரையும் வெளியே போட்டிருப்பார்கள். பத்து நிமிடமும் போயிருக்கும். அறுபது பேரும் போயிருப்பார்கள். கோபம் வரும்போது, எதற்காக வந்தோம் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். நான் தலைவரிடம் சரி என்றேன். மேடையை விட்டு இறங்கினேன். நாற்காலிகளுக்கு நடுவில் உள்ள நடைபாதையில் நின்று மேடைக்கு முதுகு காட்டி நோட்டைப் பிரித்தேன்.

கீழே நிற்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லையே.

மேடையில் சத்தமில்லை. எண்ணினேன். இருபதுவரை எண்ணினேன். எனக்கு எதிரே இருநூறு முகம். சிலர் கடிகாரம் பார்த்தார்கள். முதல் வரிசையில் சார் கால் மேல் கால் போட்டிருந்தார்.

பிறகு வந்தது. "ஓரத்து மரம், முதலாவது. மலைப் பக்கம் கிளை இல்லை."

உரக்கத் திருப்பிச் சொன்னேன். தலைவர் மேசையைத் தட்டினார். ரெஜான் இரண்டாவது மரத்துக்குப் போனான். தலைவர் மறுபடி தட்டினார். பின் வரிசையில் ஒரு வயதானவர் எழுந்தார். மேற்கே ரயில் பாதை மலைகளில் வேலை பார்த்தவர் என்று பிறகு தெரிந்தது.

"அந்தத் தட்டலை நிறுத்துங்கள். எனக்குக் கேட்கவில்லை" என்றார்.

தலைவர் நிறுத்தினார். ரெஜான் எட்டு நிமிடம் பேசினான். நான் எட்டு நிமிடம் திருப்பிச் சொன்னேன். மரம், உயரம், வளைவு, பச்சை பூசின இடம். பனி எந்த வருடம் வந்தது என்று ஒருவர் கேட்டார். ரெஜான், "தெரியாது" என்றான். "தெரியாது" என்று திருப்பிச் சொன்னேன். சபையில் அன்றைக்கு அந்த வார்த்தையைச் சொன்னவன் அவன் ஒருவன்தான். அதற்குப் பிறகு அவனை நம்ப ஆரம்பித்தார்கள். அதை அவர்கள் முகத்தில் பார்த்தேன். மேடையைப் பார்க்காமல் நின்றதால் எனக்குக் கிடைத்த லாபம் அது.

வயதானவர் சாரிடம் திரும்பினார். "இது உங்கள் பதிவில் இருந்ததா?"

சார் எழுந்தார். "களப்பணியாளர்களின் மனத்தோற்றங்களை நாங்கள் அறிக்கையில் சேர்ப்பதில்லை" என்றார்.

"கிளை முறிவது மனத்தோற்றமா?"

சபை சிரித்தது. எனக்கு அதில் சந்தோஷமில்லை. என்னைச் சந்தையிலிருந்து கூட்டி வந்த ஆள் அங்கே தனியாக நின்றுகொண்டிருந்தார். ஆனால் இரக்கப்பட்டு நோட்டை மூடவும் இல்லை.

சுரங்க மேனேஜர் எழுந்து நேராக ரெஜானைக் கேட்டார். "அந்த விடுதியில் நீ தூங்குவாயா?"

நான் பிரெஞ்சில் சொல்வதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது. "நோ" என்றான்.

அதை நான் திருப்பிச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

விடுதியை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டினார்கள். பலகைகளை மறுபடி ஏற்றி இறக்கினார்கள். நல்லது நடந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். பொறுங்கள். மாநாட்டுப் புத்தகம் அச்சாகி வந்தது. சாரின் கட்டுரையில் மரங்களைப் பற்றி ஒரு பக்கம். நல்ல படத்தோடு. கடைசியில், களப்பணியாளர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. ரெஜான் பெயருக்கு நேரே தலைப்பு: தராசுப் பராமரிப்பு. அவன் அதைக் கேட்டுவிட்டு, "தராசும் நன்றாகத்தான் இருக்கிறது" என்றான். நான் அந்தப் புத்தகத்தைச் சுவரில் வீசினேன். இன்றைக்கும் வீசுவேன்.

சார் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தமிழில் பேசுவதை மட்டும் நிறுத்தினார். மிஸ்டர் மாடசாமி என்று ஆங்கிலத்தில் கூப்பிட்டார், அவர் ஓய்வு பெறும்வரை. பேச்சி, "பரவால்ல, ஒங்களுக்கு மிஸ்டர் பட்டம் கெடச்சாச்சு" என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாள். அன்று நான் சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு களத்தில் வேலை செய்கிற பலரை மேடைக்குத் தயார் செய்தேன். ஒருவருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. குழியில் எப்படிச் சொல்வாய், அப்படிச் சொல் என்றேன். எந்த மொழியில் தைரியம் வருமோ அந்த மொழியில் முதலில் சொல் என்றேன். எங்கள் பையன்கள் என்று உன்னை ஒருவன் சொன்னால், பெயர் சொல்லுங்கள் என்று அங்கேயே எழுந்து கேள் என்றேன். சிலர் கேட்டார்கள். சிலர் உங்களைப் போலக் கை தட்டினார்கள்.

பேசினால் நமக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று அன்றைக்குக் காபி நேரத்தில் உங்களில் இளையவன் கேட்டான். அவனுக்காக இதையும் எழுதுகிறேன்.

ரெஜான் பேசின மாநாட்டுக்கு அடுத்த குளிர்காலம், பச்சை பூசின அந்த இடம்வரை பனி இறங்கவில்லை. பாதி மலையில் நின்றுவிட்டது. ஜனவரியில் நானும் ரெஜானும் வேலைக்குப் போய், அந்த விடுதிச் சாப்பாட்டு அறையில் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். நீள மேசைகள். அறுபது பேரும் இருந்தார்கள். பட்டாணி சூப். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடந்து வந்தவர்கள், மூக்கெல்லாம் சிவந்து, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிரே இருந்தவன் சொன்னான்: "வாசல் பக்கம் கட்ட வேண்டியதை இங்கே கட்டியிருக்கிறார்கள். தினம் நான்கு தடவை இந்தக் காற்றில் நடக்கிறோம். மொன்றியலில் எவனோ ஒரு பைத்தியக்காரன் மரத்தைப் பார்த்துப் பயந்துவிட்டானாம்."

"மரத்தைப் பார்த்தா?" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"மரத்தைப் பார்த்துத்தான். அவனை இந்தப் பாலத்தில் ஒருநாள் நடக்க விட வேண்டும்."

மேசை முழுக்கச் சிரித்தது. ரெஜானின் அக்காள் மகனும் அந்த மேசையில்தான் இருந்தான். அவனும் சிரித்தான், விஷயம் தெரியாமல். நான் எழப் போனேன். மேசைக்கு அடியில் ரெஜானின் பூட்ஸ் என் பாதத்தை அழுத்தியது. எழ முடியவில்லை.

எதிரே இருந்தவன் அவனைப் பார்த்துக் கேட்டான். "நீயும் மொன்றியலிலிருந்துதானே வருகிறாய்? அவனைத் தெரியுமா?"

"தெரியும்" என்றான் ரெஜான்.

"எப்படிப்பட்ட ஆள்?"

ரெஜான் சூப்பை ஒரு வாய் குடித்தான். "அதிகம் பேச மாட்டான்" என்றான். பிறகு ரொட்டித் தட்டை அவன் பக்கம் தள்ளினான்.

அவன் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு தட்டைப் பக்கத்தில் இருந்தவனுக்குத் தள்ளினான். தட்டு மேசை மேசையாகப் போயிற்று. திட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள். மணி அடித்தது. அறுபது பேரும் எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, பாலத்தை நோக்கி நடந்து போனார்கள்.